பூனைக்கு வந்த வியாதியும் தெருவுக்கு வந்த பயமும்

போன செமஸ்டர் லீவில் எங்கள் தெருவில் மூன்று வாரத்துக்குள் ஏழு பூனைகள் செத்துப் போயின. அதில் இரண்டு எங்கள் வீட்டுக் குட்டிகள்.

பி.காம் படிக்கிறவன் பூனை வியாதியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். இந்தக் கதையில் கணக்கும் வருகிறது, காசும் வருகிறது. எங்கள் அம்மாவுக்கு மூன்று வாரம் வேலை போன கதையும் வருகிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் :-)

முதலில் எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு. ஆம்பூர் என்றால் எல்லோருக்கும் பிரியாணிதான் ஞாபகம் வரும். ஊருக்குள் வந்து பார்த்தால் தோலும் ஷூவும்தான். (2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது நாங்கள் திருப்பத்தூர் மாவட்டம் ஆகிவிட்டோம். இருந்தாலும் வெளியூரில் கேட்டால் இன்னும் 'வேலூர் பக்கம்' என்றுதான் வாயில் வருகிறது.) அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். அம்மா வீட்டிலேயே அப்பர் தைக்கிறார். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டு வந்து போடுவார், பெண்கள் வாசலில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பார்கள், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதுதான்.

இன்னொரு பாதி பூனை. முஸ்லிம் வீடுகள் அதிகம் உள்ள தெரு என்பதால் பூனைக்கு எங்கள் பக்கம் தனி மரியாதை உண்டு. யாரும் அடித்து விரட்ட மாட்டார்கள். எதிர்வீட்டு பாயம்மா சொல்வார், அபூ ஹுரைரா என்ற நபித்தோழரின் பெயருக்கே 'பூனைக்குட்டிக்காரர்' என்றுதான் அர்த்தமாம். அதனால் எந்தப் பூனை யார் வீட்டுப் பூனை என்பதே எங்கள் தெருவில் ஒரு பெரிய கேள்வி. காலையில் எங்கள் வீட்டில் பால், மதியம் பாயம்மா வீட்டில் கறி எலும்பு, ராத்திரி யார் வீட்டு மொட்டை மாடியோ!

எங்கள் வீட்டில் இருந்தது சுந்தரியும் அவளுடைய மூன்று குட்டிகளும். சுண்டல், பொரி, பட்டாணி. இரண்டரை மாதக் குட்டிகள்.

என்ன நடந்தது

ஒரு திங்கட்கிழமை காலையில் சுண்டல் சாப்பிடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஆனால் குடிக்கவில்லை. சாயங்காலம் மஞ்சளாக நுரை நுரையாக வாந்தி. செவ்வாய்க்கிழமை பேதி. அன்று ராத்திரியே போய்விட்டது. புதன்கிழமை காலையில் பொரிக்கும் அதே மாதிரி. மதியத்துக்குள் அதுவும் போய்விட்டது.

தெருவில் உடனே தீர்ப்பு வந்துவிட்டது. "எவனோ மருந்து வெச்சிட்டான்பா." அதற்கு முந்தின வாரம் வேறு இரண்டு வீட்டில் பூனை செத்திருந்தது. கோழி வளர்க்கிற ஒரு வீட்டுக்காரர்மேல் சந்தேகம். சண்டை வந்து, அவர் பாவம் குரான்மேல் சத்தியம் செய்கிற அளவுக்குப் போய்விட்டது.

பட்டாணிக்கும் வாந்தி ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கட்டைப்பையில் துண்டு விரித்து அதை வைத்துக்கொண்டு முதலில் அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டர் நல்லவர். தொட்டுப் பார்த்துவிட்டு, "பூனைக்குத் தேவையான டெஸ்டும் ஊசியும் இங்க ஸ்டாக் இல்ல தம்பி. லேட் பண்ணாம வேலூர் போயிடு" என்றார். சுமார் 50 கிலோமீட்டர். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்ததை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

வேலூரில் தனியார் டாக்டர் ஒரு சின்ன அட்டை மாதிரியான கிட்டில் மலத்தைச் சோதித்தார். நாய்களுக்கு வருகிற பார்வோ வைரஸைக் கண்டுபிடிக்கிற கிட்தான் அது, பூனை வைரஸையும் காட்டிக்கொடுக்குமாம். பத்து நிமிடத்தில் இரண்டு கோடு.

"விஷம் இல்லப்பா. பான்லூகோபீனியா" என்றார்.

அது என்ன பான்லூகோபீனியா?

டாக்டர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இது பார்வோ குடும்பத்து வைரஸ். வேகமாகப் பிரிகிற செல்களைத்தான் தாக்கும். குடலின் உள்சுவர், எலும்பு மஜ்ஜை இரண்டிலும் அப்படிப்பட்ட செல்கள்தான். குடல் போனால் வாந்தி, பேதி. மஜ்ஜை போனால் ரத்த வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்துவிடும். (பெயருக்கே அதுதான் அர்த்தம்.) எதிர்ப்புப் படையே இல்லாத உடம்பில் குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் புகுந்துவிடும். தடுப்பூசி போடாத குட்டிகளில் பத்துக்கு ஒன்பது வரை செத்துப்போகலாம். சிலது ஒரே நாளில், எந்த அறிகுறியும் காட்டாமல் சாகும். அதனால்தான் உலகம் முழுக்க இதைப் பார்க்கிறவர்கள் 'விஷம்' என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் அந்தக் கோழிக்காரருக்கு வந்த கெட்ட பெயர் இப்படி வந்ததுதான்.

சுந்தரிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவள் எப்போதோ இந்த வைரஸைச் சந்தித்துத் தப்பித்திருக்க வேண்டும். ஒருமுறை பிழைத்த பூனைக்கு நீண்ட கால எதிர்ப்புச் சக்தி உண்டு. அதைத் தாய்ப்பால் வழியாகக் குட்டிகளுக்கும் கொடுத்திருப்பாள். ஆனால் அது இரண்டு, மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் குட்டிகள் வாசலைத் தாண்டி வெளியே ஓட ஆரம்பிக்கின்றன. வைரஸ் காத்திருந்து பிடிப்பது போல!

இதைக் கொல்கிற மருந்து என்று ஒன்றும் கிடையாது. நீர்ச்சத்து குறையாமல் சலைன், வாந்தி நிற்க ஊசி, பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக். உடம்பு தானாகச் சண்டை போட நாம் நேரம் வாங்கித் தருகிறோம், அவ்வளவுதான். ஐந்து நாள் தாண்டினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். பட்டாணி தாண்டியது.

அப்புறம்தான் பெரிய வைரஸ் வந்தது

பயம் என்கிற வைரஸைச் சொல்கிறேன்.

நான் வேலூருக்கும் ஆம்பூருக்கும் அலைந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் 'அவங்க வூட்ல வைரஸ்' என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. கொரோனா பார்த்த ஜனங்கள் இல்லையா, வைரஸ் என்ற ஒரு வார்த்தை போதும். அப்பர் கொண்டு வருகிற ஏஜென்ட் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஏதோ பூனை வியாதின்னு சொல்றாங்க. வெளிநாட்டுக்குப் போற சரக்கு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனில என்னை இல்ல கேப்பாங்க. கொஞ்ச நாள் போவட்டும்."

அந்தக் கொஞ்ச நாள் மூன்று வாரம் ஆனது. மூன்று வாரம் அம்மாவுக்குக் கூலி இல்லை.

வீட்டுக்காரர் இன்னும் சுலபமான வழி சொன்னார். "கோணிப்பையில போட்டு பாலாத்தாண்ட வுட்டுட்டு வந்துடுங்க." அக்கா அப்போது ஐந்து மாதம், பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வரவேண்டியவள். அவளுடைய மாமியார் போன் பண்ணி, "பூனை இருக்கிற வூட்டுக்கு அனுப்ப மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவுக்கும் பதில் ஒரே வரிதான். பான்லூகோபீனியா மனிதர்களுக்கு வராது. இந்த வைரஸ் எங்கள் அம்மாவுக்கோ, அக்காவுக்கோ, அந்த ஷூவைப் போட்டுக்கொள்ளப் போகிற ஜெர்மன்காரருக்கோ எதுவும் செய்ய முடியாது.

ஆனால் அந்த ஒரு வரியை நான் சொன்னால் யார் நம்புவார்கள்? "நீ டாக்டரா?" என்றுதான் கேட்டார்கள். கடைசியில் வேலூர் டாக்டரிடம் தமிழில் எழுதி வாங்கி வந்து ஏஜென்ட்டிடம் காட்டிய பிறகுதான் மூட்டை திரும்ப வந்தது.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு 1986 ஞாபகம் வரும். (நான் அப்போது பிறக்கவே இல்லை, படித்ததைச் சொல்கிறேன்.) அந்த வருஷம் சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்ற மேற்படிப்பு மாணவி, டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்தார். சோதனை நடந்தது எங்கே தெரியுமா? நம்ம வேலூர் சி.எம்.சி.யில்! இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதன்முதலில் தெரிய வந்தது. அதே 1986-ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் பூனைகளிடம் அதே வகை வைரஸ் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, எஃப்.ஐ.வி. என்று பெயர். 'பூனை எய்ட்ஸ்' என்று சொல்வார்கள். அதுவும் மனிதர்களுக்கு வராது. பெயரைக் கேட்டுப் பூனையைத் துரத்துகிறவர்கள் மட்டும் உண்டு.

எச்.ஐ.வி. வந்தவர்களுக்கு டம்ளர் கொடுக்க மறுத்த காலமும் இதே நாட்டில்தான் இருந்தது. தொட்டால் வராது என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டியிருந்தது. வியாதி எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று தெரியாத இடத்தில் பயம் எப்போதும் பலவீனமானவர்கள்மேல்தான் போய் விழுகிறது. எங்கள் தெருவில் ஒரு பூனைக்குட்டிமேலும், கைத்தையல் கூலிமேலும் விழுந்தது.

சரி, பூனையால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது! இங்கேதான் பூனைப் பிரியர்கள் தப்பு செய்கிறார்கள். 'என் செல்லத்தால் ஒன்றும் வராது' என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். எனவே நமக்குத் தெரிந்த வழியில் ஒரு பேரேடு போடலாம். இடது பக்கம் 'பூனைக்கு மட்டும்', வலது பக்கம் 'நமக்கும்'.

இடது பக்கம்: பான்லூகோபீனியா, எஃப்.ஐ.வி., பூனைகளுக்கு வருகிற ஹெர்பிஸ் மற்றும் கலிசி வைரஸ் (கண், மூக்கில் நீர் வடியும், வாய்ப்புண் வரும்). இவை நமக்கு வராது.

வலது பக்கம் முதல் வரி: ரேபிஸ். வெறிநோய் என்றால் நாய்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் பூனைக்கும் வரும், பூனை கடித்தாலும் நமக்கு வரும். அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோருமே சாகிற வியாதி. அதே சமயம், நேரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டால் தடுக்கக்கூடிய வியாதியும் அதுதான். தெருப்பூனையோ ஊசி போடாத வீட்டுப்பூனையோ கடித்தால், ரத்தம் வரும்படி பிறாண்டினால், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று கையில் போடுவார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து, இந்தியாவில் 2004-ஓடு நிறுத்தியாகிவிட்டது. தமிழ்நாட்டில் குன்னூரில் 1907-லிருந்தே இந்த ஒரு வியாதிக்கு எதிராகப் பாடுபடுகிற பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. இருந்தும் ஜனங்கள் இன்னும் ரேபிஸில் சாகிறார்கள் என்றால் அது மருந்து இல்லாத குறை மட்டும் இல்லை.

இரண்டாவது வரி: பறவைக் காய்ச்சல். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளுக்கு எச்5என்1 வந்தது உறுதியானது. இந்தியாவில் வீட்டுப் பூனைகளில் தெரிய வந்தது அதுதான் முதல்முறை. நல்லவேளை, அங்கே அந்தப் பூனைகளிடமிருந்து மனிதர்களுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. ஆனால் அதே வருஷம் மார்ச்சில் நமக்குப் பக்கத்து மாநிலம் ஆந்திராவில், பல்நாடு மாவட்டத்தில், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எச்5என்1 தொற்றில் இறந்தது. சமைக்காத கோழிக்கறித் துண்டைக் குழந்தை சாப்பிட்டிருந்ததாகச் செய்திகளில் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் எல்லோரும் செய்கிற ஒரு வேலை: கோழிக்கடையில் கழிவாகப் போகிற குடல், தலை, தோலை ஒரு கவரில் வாங்கி வந்து அப்படியே பச்சையாகப் பூனைக்குப் போடுவது. நாங்களும் செய்தோம். இனிமேல் தயவுசெய்து வேக வைத்துப் போடுங்கள். வைரஸ் வெந்தால் செத்துவிடும். பூனைக்கும் நல்லது, அந்தக் கவரைத் தொடுகிற கைக்கும் நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மூன்றாவது வரி: டாக்ஸோபிளாஸ்மா. இது வைரஸ் இல்லை, ஒட்டுண்ணி. அக்காவின் மாமியார் பயந்தது இதற்குத்தான். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போது முதல்முறையாகத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கலாம். பூனை மலத்தில் வரலாம். ஆனால் புதிதாகப் போன மலத்திலிருந்து உடனே தொற்றாது, அது தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் வேறு யாராவது அள்ளிப் போட்டுவிட்டால், கர்ப்பிணி அதைத் தொடாமல் இருந்தால், பயம் மிகவும் குறைவு. அரைவேக்காட்டுக் கறியிலும், கழுவாத காய்கறியிலும்கூட அது வரும். பூனையைத் துரத்திவிட்டுக் கீரையைச் சரியாகக் கழுவாமல் சமைத்தால் என்ன பிரயோஜனம்?

இந்தப் பேரேட்டில் எதிர்ப்பதிவு ஒன்றும் உண்டு, நாம் பூனைக்குக் கொடுப்பது. 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது ஞாபகம் இருக்கிறதா? நீலா என்ற பெண் சிங்கம் செத்தது, சில நாளில் ஓர் ஆண் சிங்கமும் செத்தது. சிங்கமும் பூனைக் குடும்பம்தான். அவை யாரும் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வரவில்லை!

கழுவுவதிலும் ஒரு ஆபத்து

பான்லூகோபீனியா வைரஸ் சாதாரண ஆள் இல்லை. தரையில், துணியில், செருப்பில் ஒரு வருஷம் வரைகூட உயிரோடு இருக்கும். சானிடைசருக்கு அசையாது. எங்கள் வீட்டுக்குள் அதைக் கொண்டு வந்தது என் செருப்பாகவே இருக்கலாம்.

குட்டிகள் செத்ததும் அம்மா செய்த முதல் வேலை, வீடு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவியது. எல்லோரும் அதைத்தான் செய்வோம். ஆனால் பினால் வகைச் சரக்கு பூனைக்கு விஷம். நடந்த பாதத்தை நக்கும், அந்த ரசாயனத்தை உடைக்கிற சக்தி அதன் கல்லீரலுக்குக் குறைவு. நோயில் பிழைத்த பூனை சுத்தத்தில் சாகும்! இதே காரணத்தால்தான் நமக்குப் போடுகிற பாராசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு எமன். காய்ச்சல் என்று கால் மாத்திரை, அரை மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

சரியான வழி: முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கை நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு பிளீச். திரவ பிளீச் என்றால் 1 பங்குக்கு 32 பங்கு தண்ணீர். பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் என்று டாக்டர் சொன்னார். பத்து நிமிடம் ஈரமாக விட்டு, பிறகு தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகுதான் பூனையை உள்ளே விட வேண்டும். பிளீச்சோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். தோல் பதனிடும் ஊரில் இருப்பவர்களுக்கு ரசாயன வாயுவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிழைத்த குட்டியின் மலத்தில் ஆறு வாரம் வரை வைரஸ் வரலாம். அதனால் அதை மற்றப் பூனைகளோடு விடக்கூடாது. இப்போது வீட்டுக்காரர் சொன்ன 'பாலாத்தாண்ட வுட்டுடு' யோசனையை மறுபடி பாருங்கள். அது பாவம் என்பது ஒரு பக்கம். வியாதியைக் கோணிப்பையில் கட்டி அடுத்த தெருவுக்கு டெலிவரி பண்ணுகிற வேலை என்பது இன்னொரு பக்கம். மூன்று வாரத்தில் ஏழு பூனை செத்ததற்கு இப்படி ஒரு டெலிவரிகூடக் காரணமாக இருந்திருக்கலாம்.

இப்போது கணக்கு

பட்டாணியின் வைத்தியத்துக்கு பஸ் செலவோடு 3,200 ரூபாய் ஆனது. எனக்குச் சொன்ன விலைப்படி பூனைக்கான தடுப்பூசி ஒரு டோஸ் 900 ரூபாய். (பான்லூகோபீனியா, ஹெர்பிஸ், கலிசி மூன்றுக்கும் சேர்த்து.) ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், நான்கு மாதம் ஆகும்வரை போட வேண்டும். குறைந்தது இரண்டு டோஸ் என்று வைத்தாலும் மூன்று குட்டிக்கு 5,400 ரூபாய்.

ஆக, 'தடுப்பூசி போட்டிருந்தால் லாபம்' என்று நான் பொய் சொல்ல முடியாது. ஜோடிக் கணக்கில் கூலி வாங்குகிற வீட்டில் 5,400 ரூபாய் எடுத்துப் பூனைக்கு ஊசி போடு என்று எந்த முகத்தோடு சொல்வது? தனி வீட்டுக் கணக்கில் இது நஷ்டம்தான். அம்மாவின் மூன்று வாரக் கூலியைச் சேர்த்தால் மட்டும் தராசு மறுபக்கம் சாயும். ஆனால் அப்படி ஒரு நஷ்டம் வரும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

எங்களுக்குப் பொருளாதாரப் பாடத்தில் 'புறவிளைவு' என்று ஒன்று உண்டு. ஒருவர் செலவு செய்தால் அதன் பலன் பக்கத்து வீட்டுக்கும் போகும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் காசு கொடுக்க மாட்டார். அதனாலேயே அந்தச் செலவை யாருமே செய்ய மாட்டார்கள். தடுப்பூசிதான் அதற்கு எல்லாப் புத்தகத்திலும் முதல் உதாரணம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது புரியாதது, பஸ்ஸில் கட்டைப்பையோடு உட்கார்ந்திருந்தபோது புரிந்தது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் அரசாங்கம் வர வேண்டும். மாட்டுக்கு கோமாரி தடுப்பூசி 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். நியாயமான செலவு. மாடு சோறு போடுகிறது, எங்கள் ஊருக்கு அதன் தோலும் சோறு போடுகிறது. பூனை என்ன சம்பாதிக்கிறது என்று கேட்பீர்கள். மனுஷனுக்கே ஆஸ்பத்திரியில் இடம் இல்லை, பூனைக்கு ஊசியா என்றும் கேட்பீர்கள். எங்கள் அப்பாவே கேட்டார்.

நான் இலவசம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு நாள், இந்த மாதிரி ஊர்களின் அரசு கால்நடை மருந்தகத்தில், பூனைத் தடுப்பூசியை மொத்த விலைக்குப் போடட்டும். பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு வெறிநோய் ஊசி போட்ட ஜூலை 6-ஐ உலக விலங்குவழி நோய்கள் தினமாக அனுசரித்து, நாய், பூனைகளுக்கு இலவச ரேபிஸ் ஊசி முகாம் நடத்துகிறார்கள் அல்லவா? பூனை வளர்க்கிறவர்களில் எத்தனை பேர் அதற்குப் போகிறோம்? பூனைக்கு ரேபிஸ் வரும் என்பதே தெரியாதே. ஆனால் குட்டி சாகிறது என்றால் ஓடி வருவோம், நான் ஓடியது மாதிரி. குட்டிக்கு உயிர் காக்கும் ஊசியைக் குறைந்த விலைக்குக் கொடுங்கள், அந்தக் கையோடு ரேபிஸ் ஊசியையும் போட்டு அனுப்புங்கள். முதல் ஊசி பூனைக்கு, இரண்டாவது ஊசி மனிதனுக்கு. அப்போது அது பூனைச் செலவு இல்லை, பொது சுகாதாரச் செலவு.

அதுவரைக்கும் நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாங்கள் ஐந்து வீடு சேர்ந்து ஒரு உண்டியல் வைத்திருக்கிறோம். முதலில் சுந்தரிக்குக் கருத்தடை. அடுத்த வருஷம் மூன்று குட்டிக்கு ஊசி தேடுவதைவிட அது சிக்கனம். பிறகு குட்டிகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி. பாயம்மாதான் பொருளாளர், கணக்கு மட்டும் நான். (ஆடிட்டிங் பேப்பரில் அரியர் வைத்தவன் என்பது அவருக்குத் தெரியாது, ஹி ஹி.) உண்டியலில் முதல் ஐம்பது ரூபாய் போட்டவர், மருந்து வைத்ததாக நாங்கள் சந்தேகப்பட்ட அந்தக் கோழிக்காரர். யாரும் அவரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இந்த எழுத்தை என் பங்காக வைத்துக்கொள்ளட்டும்.

அக்கா எங்கள் வீட்டில்தான் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை, நலம். பட்டாணி இப்போது கொழுத்துவிட்டது. அம்மா அப்பர் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பிடித்து இழுத்துத் திட்டு வாங்குகிறது. ஏஜென்ட் அண்ணன் இன்னும் வாசலுக்கு வெளியில்தான் நிற்கிறார். ஆனால் மூட்டை வந்துகொண்டிருக்கிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உங்கள் பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால், இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கட்டைப்பை போதும்.